சர்க்கரையை நிறுங்கள், பிள்ளையை ஊரறிய நிறுக்காதீர்கள்

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், சிற்றுண்டிச்சாலை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளின் உணவையும் வளர்ச்சியையும் கவனிக்கும் பணியில் உள்ள உணவியலாளர்களும் தாதியரும் சேர்ந்து இம்மடலை எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சத்துணவுச் சொற்பொழிவு ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கப் போவதில்லை. அவர்களுக்குச் சொல்லியாயிற்று. 'சுகு சுகு செப்பாரு' என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் சொன்னால் போதும். தட்டு ஒன்றை வரைந்து, கால் பங்கில் சோறு, கால் பங்கில் மீனோ முட்டையோ பருப்போ, மீதி அரைத் தட்டில் காய்கறியும் பழமும் என்று வண்ணம் தீட்டிக் கொடுத்துவிடும். ஓய்வு மணி அடித்ததும் அதே பிள்ளை போய் நிற்கும் இடத்தில் நகெட்டும் சாசேஜும் சிவப்புச் சிராப்பும்தான் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. அன்றாடம் எதைச் சாப்பிட வேண்டும் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அந்த மேசை, அந்த வரிசை, உடற்பயிற்சி வகுப்புத் தராசு, பெரியவர்களின் வாய்ப்பேச்சு ஆகிய நான்கும் உங்கள் கையில் இருப்பவை. அவற்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ உடையவர்கள். பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடையேதான் அது மிக அதிகம். அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை. எடை கூடுவதும் சத்துக் குறைவதும் ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே பிள்ளையிடம் நிகழ்கின்றன. ஆகவே 'குறைத்துச் சாப்பிடு' என்ற ஒற்றை அறிவுரை இங்கே எடுபடாது.

முதலில் இனிப்புத் தண்ணீர்க் கலம். பத்து லிட்டர் கலத்தில் ஒரு கிலோ சர்க்கரை போட்டால், 250 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றில் 25 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது ஐந்து தேக்கரண்டி. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 1,700 கலோரி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டியில், சேர்க்கப்படும் சர்க்கரை அந்தச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 5 விழுக்காடு என்பது 21 கிராம். காலை பத்து மணிக்கு ஒரே கோப்பையில் அந்த நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. வீட்டில் குடித்த மைலோவும் மாலையில் தின்னப் போகும் பிஸ்கட்டும் இதற்கு மேல்தான் வந்து சேரும்.

பல சமையலறைகளில் சர்க்கரையை யாரும் நிறுப்பதில்லை. கைக்கு வந்த குவளையால் அள்ளிப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். அதிலும் ஐஸ் போட்ட பிறகு சுவை பார்த்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். குளிர்ச்சி இனிப்பை மந்தப்படுத்தும். உடனே இன்னொரு குவளை விழுகிறது. எனவே ஒரு சமையல் தராசு வாங்குங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல், வழக்கமாகப் போடுவதை எடை பார்த்து எழுதி வையுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 கிராம் குறையுங்கள். பத்து வாரத்தில் ஒரு கிலோ 500 கிராமாகிவிடும். ஒரேயடியாகப் பாதியாக்கினால் பிள்ளைகள் 'தண்ணியா இருக்கு' என்று ஒதுக்கிவிட்டுப் பள்ளி வாசலில் விற்கும் பொட்டலத் தண்ணீருக்குப் போய்விடுவார்கள். பல பள்ளிகளில் முயற்சி கைவிடப்படுவதற்கு இந்த அவசரமே காரணம். சிறுகச் சிறுகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். 500 கிராம் என்ற எல்லையை ஏன் சொல்கிறோம் என்றால், அப்போது 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் ஆகிறது. 2019 ஜூலை முதல் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதிக்கத் தொடங்கியதும் அந்த அளவைத் தாண்டியவற்றுக்குத்தான். பள்ளிக்கூடத்துக் கலம் அதைவிட இனிப்பாக இருக்க ஒரு நியாயமும் இல்லை. அதற்குப் பிறகும் குறைக்க முடிந்தால் குறையுங்கள்.

கலத்தின் பக்கத்திலேயே வெறும் குடிநீர் இலவசமாக இருக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் குடிநீர்க் குழாய் இருக்கிறது, ஆனால் கழிப்பறைச் சுவரை ஒட்டி இருக்கிறது; அல்லது வடிகட்டியை மாற்ற வேண்டிய தேதி கடந்து தண்ணீரில் துரு வாடை வீசுகிறது. பிள்ளைகள் குடிக்காததற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. வடிகட்டி மாற்றும் தேதியை ஒட்டுதாளில் எழுதிக் குழாயிலேயே ஒட்டுங்கள். யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.

பால் பற்றி ஒரு வார்த்தை. 'என் பிள்ளை தினமும் பால் குடிக்கிறான்' என்று சொல்லும் பெற்றோரிடம் என்ன பால் என்று கேட்டால், பாதிப் பேர் தேநீரில் கலக்கும் டின் பாலைச் சொல்கிறார்கள். இரண்டு கரண்டி, அதாவது 40 கிராம் கெட்டிப்பாலில் சர்க்கரை மட்டும் 22 கிராம் அளவுக்கு இருக்கும்; சுண்ணாம்புச் சத்து 110 மில்லிகிராம்தான். ஒரு கோப்பைப் பசும்பாலில் சேர்த்த சர்க்கரை ஏதுமின்றி ஏறத்தாழ 300 மில்லிகிராம் கிடைக்கும். பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் வேண்டும் என்பது மலேசியப் பரிந்துரை. வாழ்நாளில் வேறெந்த வயதிலும் இவ்வளவு தேவைப்படாது. டின்னில் 'கிரீமர்' என்று இருந்தால் இன்னும் மோசம், அதில் பால் கொழுப்புக்குப் பதிலாக இருப்பது பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான். இதைப் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு டின்களைக் கையில் வைத்து, ஒட்டுதாளைப் படித்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். பால் பிடிக்காத பிள்ளைக்கு முள்ளோடு தின்னும் நெத்திலி, தவ்ஹூ, கேழ்வரகுக் கஞ்சி, முருங்கைக் கீரை எல்லாம் நம் சந்தையிலேயே இருக்கின்றன.

அடுத்து, ஓய்வு நேரம். இருபது நிமிடத்தில் எல்லா ஆண்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றால், முதலாம் ஆண்டுப் பிள்ளை உணவோடு உட்காரும்போது எட்டு நிமிடம்கூட மிச்சமிருக்காது. அந்த நேரத்தில் கையால் பிய்த்து வாயில் போடக்கூடியதைத்தான் அது வாங்கும்; சோறும் மீனும் வாங்காது. உணவுப் பட்டியலை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றுங்கள். ஒன்றாம், இரண்டாம் ஆண்டுகளைப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்புங்கள். காசுக்கும் உணவுக்கும் தனித்தனி ஆள் நிற்கட்டும். காலையிலேயே வகுப்பில் சீட்டு வாங்கிவிட்டால் சில்லறை எண்ணும் நேரம் மிச்சம். வீட்டுப்பாடம் செய்யாததற்காக ஓய்வு நேரத்தைப் பிடுங்கும் வழக்கம் சில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. வேனுக்காக ஆறு மணிக்கே கிளம்பி, பசியாறாமல் வந்த பிள்ளைக்கு அதுதான் அன்றைய முதல் உணவு. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

பசியாறாமல் வருவோர் அதிகமாக உள்ள பள்ளியில் சிற்றுண்டிச்சாலையைக் காலை ஏழு மணிக்கே திறக்கலாம். முழுச் சமையல் வேண்டாம். அவித்த முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் வெந்த கடலையில் எட்டு ஒன்பது கிராம். ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 23 கிராம் போதும் என்னும்போது, இவ்விரண்டும் பாதிக்கு மேல் தந்துவிடுகின்றன. கூடுதல் உணவுத் திட்டத்தில் (ஆர்.எம்.தி) சாப்பிடும் பிள்ளைகளைத் தனி மேசையில் உட்கார வைப்பதையும் கைவிடுங்கள். தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு 2022 முதல் நான்கு ரிங்கிட் ஒதுக்கப்படும் நல்ல திட்டம் அது. 'ஓசிச் சாப்பாடு' என்ற கேலிக்குப் பயந்து ஐந்தாம் ஆண்டில் பிள்ளை அதை வேண்டாம் என்றால், குற்றம் மேசையைப் பிரித்த நம்முடையது.

காய்கறியைப் பிள்ளைகள் குப்பையில் கொட்டுகிறார்கள் என்று சிற்றுண்டிச்சாலைக்காரர்கள் சொல்வது உண்மை. கொட்டப்படும் காய்கறியைப் பாருங்கள். ஏழு மணிக்கு வதக்கிப் பத்து மணி வரை மூடி வைத்த கங்கோங் கீரை, கறுத்து, தண்டு விரல் நீளத்துக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்பல் விழுந்து கிடக்கிறது. அந்தத் தண்டை அது எப்படிக் கடிக்கும்? கீரையை இரண்டு சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள், ஓய்வுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு வதக்குங்கள். பீஹூன், மீ கோரெங் செய்யும்போது ஒரு தட்டுக்கு 30 கிராம் துருவிய கேரட்டும் சாவிக் கீரையும் தவ்கேயும் உள்ளேயே சேர்த்துவிடுங்கள். வெள்ளரியைக் குச்சியாக வெட்டி, பிள்ளைகள் வரிசையில் காத்து நிற்கும் இடத்தில் வைத்தால், பசி உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் தாமாகவே எடுப்பார்கள். முழு ஆரஞ்சைக் கொடுத்தால் தோல் உரிக்கத் தெரியாமல் பையில் போட்டு அழுகவிடும் பிள்ளை, நறுக்கிய தர்பூசணியையும் பப்பாளியையும் கொய்யாவையும் அங்கேயே தின்றுவிடும். நறுக்கிய பழத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். நம் ஊர் வெப்பத்துக்கு அது தாங்காது.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருகிறோம்.

நான்காம் ஆண்டு முதல் ஆண்டுக்கு இருமுறை செகாக் உடற்தகுதிச் சோதனை நடக்கிறது. அதில், உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ எண்ணைக் கணக்கிட வேண்டும். முப்பது நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார். 'ஐம்பத்திரண்டு!' என்றதும் வரிசை சிரிக்கிறது. பத்து வயதில் கேட்ட அந்தச் சிரிப்பு, பதினான்கு வயதில் சாப்பாட்டைத் தவிர்ப்பதிலோ கதவை மூடிக்கொண்டு தின்பதிலோ போய் முடியக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, உடற்பருமனையும் உண்ணல் கோளாறுகளையும் ஒருசேரத் தடுக்கும் வழிகளைத் தொகுத்திருக்கிறது. பட்டினி கிடக்கும் 'டயட்' வேண்டாம், பிள்ளையின் எடையைப் பற்றிய பேச்சு வேண்டாம், கேலி வேண்டாம், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்கிறது. கேலி எவரையும் மெலிய வைத்ததில்லை.

சோதனையை நிறுத்தச் சொல்லவில்லை, முறையை மாற்றக் கேட்கிறோம். தராசைத் திரைக்குப் பின்னாலோ காலியான வகுப்பறையிலோ வையுங்கள். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வரட்டும். காலணியைக் கழற்றி, பையில் இருப்பதை எடுத்து வைத்துவிட்டு ஏற வேண்டும். தராசு கடினமான தரையில் இருக்க வேண்டும். பாய் மீதோ விரிப்பு மீதோ வைத்தால் எடை தவறாகக் காட்டும். உயரம் அளக்கும்போது குதிகால் சுவரைத் தொட வேண்டும். சுவரடியில் ஓடும் பட்டை குதிகாலைத் தள்ளிவிடும் இடமாக இருந்தால் வேறு சுவரைத் தேடுங்கள். பெண் பிள்ளைகளின் கொண்டையையும் தலைப்பட்டையையும் தளர்த்தச் சொல்லுங்கள். எண்ணை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்வதே நல்லது. ஏட்டை மேசைமேல் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கணக்கில் நிகழும் தவறு இன்னொன்று. எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த பிறகு, சுவரில் ஒட்டியிருக்கும் பெரியவர்களின் அட்டவணையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. வயதும் பாலினமும் பார்த்துத்தான் படிக்க வேண்டும். 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பத்து வயதுப் பையன் 30 கிலோ என்றால் பி.எம்.ஐ 15.3. பெரியவர் அட்டவணை 'எடை குறைவு' என்று சொல்லி வீட்டாரைப் பதற வைக்கும். உண்மையில் அவன் நன்றாகவே இருக்கிறான். அதே உயரத்தில் 43 கிலோ பையனுக்கு 21.9. பெரியவர் அட்டவணை 'சரி' என்னும். அவன் வயதுக்கோ 18.5ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் உடற்பருமன். கவலைப்பட வேண்டியவனை விட்டுவிட்டுக் கவலையே தேவையில்லாதவனைப் பிடித்துக்கொள்கிறோம்.

வரம்பு தாண்டிய பிள்ளையின் பெற்றோருக்கு எழுதும் குறிப்பு, மூடிய உறையில் போகட்டும். அதில் 'குண்டு' 'பருமன்' என்ற சொற்கள் வேண்டாம். 'உங்கள் பிள்ளையின் எடை உயரத்தைவிட வேகமாகக் கூடி வருகிறது. அடுத்த மூன்று மாதத்துக்குள் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் ஒருமுறை காட்டுங்கள். வீட்டில் தனிப் பத்தியம் வேண்டாம்' என்று எழுதினால் போதும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், உயரத்துக்கு முன்னால் எடை போடுவார்கள். வளரும் பிள்ளையின் எடையைக் குறைக்கப் பார்க்கக் கூடாது. எடை ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தினால் உயரம் வந்து ஈடு செய்துவிடும்.

வாய்ப்பேச்சுக்கு வருவோம். தட்டில் சோறு மிச்சம் வைப்பது நமக்குப் பொறுக்காது. அது நல்ல பண்பு. ஆனால் பெரியவர் கையால் ஒரு மலை சோற்றைப் போட்டுவிட்டு, கடைசிப் பருக்கை வரை முடி என்று நிற்பதால் பிள்ளை தன் வயிறு நிறைந்ததை உணரும் பழக்கத்தையே இழக்கிறது. அமெரிக்காவின் லீயன் பர்ச் குழுவினர் 2006இல் வெளியிட்ட சோதனையில், 'சூப்பைக் குடித்து முடி' என்று வற்புறுத்தப்பட்டபோது சிறு பிள்ளைகள் குறைவாகவே குடித்தார்கள், அந்தச் சூப்பைப் பழித்தும் பேசினார்கள். அதே பர்ச் முன்பு கண்ட இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு தொடாதே என்று தடுக்கும் தின்பண்டத்தின் மேல்தான் பிள்ளைக்கு ஆசை கூடுகிறது. ஆகவே முதலில் அரைக் கரண்டி பரிமாறுங்கள். வேண்டுமென்றால் இரண்டாம் முறை கேட்கட்டும். உணவும் வீணாகாது, மிரட்டலும் தேவைப்படாது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உண்பது என்பது பெரியவர் முடிவு. எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. உணவியலாளர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீடு வீட்டுக்கும் பள்ளிக்கும் பொருந்தும்.

புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை அதைச் சுவைக்க வேண்டியிருக்கும். நம் வீடுகளில் மூன்றாம் முறையோடு 'அவனுக்குப் பாகற்காய் ஆகாது' என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. சுண்டைக்காய் அளவு போதும்; துப்பினாலும் திட்டாதீர்கள். சரியான விடைக்கு மிட்டாய் கொடுக்கும் ஆசிரியர்கள் அதற்குப் பதில் ஒட்டுவில்லையோ, வகுப்பில் கதை தேர்ந்தெடுக்கும் உரிமையோ கொடுக்கலாம். பரிசாக வரும் உணவு மற்றெல்லா உணவையும்விட உயர்ந்தது என்று பிள்ளை மனம் பதித்துக்கொள்ளும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தீபாவளி முறுக்கு, கோயில் பாயசம் இவற்றின் மேல் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. பண்டிகை நாளில் மகிழ்ந்து தின்னட்டும். 'இது விஷம்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளைத் தனியாக நினைவில் வையுங்கள். மாதவிடாய் தொடங்கியதும் இரும்புச் சத்தின் தேவை கூடுகிறது. அந்த வயதில்தான் 'எடை போட்டுவிடும்' என்று முட்டையையும் மீனையும் விலக்கத் தொடங்குகிறார்கள். சைவ வீட்டுப் பிள்ளைக்குப் பயறும் கீரையும் இருந்தாலும், அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. கூடவே எலுமிச்சைச் சாறோ இரண்டு துண்டு கொய்யாவோ இருந்தால் சேரும். உணவோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். தலைசுற்றல், மாதவிடாய் நின்றுபோதல், சாப்பிட்ட உடனே கழிப்பறைக்கு ஓடுதல், வெயிலிலும் தடித்த மேலங்கியைக் கழற்றாமை ஆகியவற்றைக் கண்டால் ஆசிரியர் அறிவுரை சொல்லிக்கொண்டிராமல் பெற்றோரையும் மருத்துவரையும் சேர்த்துவிட வேண்டும்.

இடைநிலைப்பள்ளிக்குப் போன அண்ணன் அக்காக்களின் பிரச்சினை பெரும்பாலும் கடிகாரத்தில்தான் இருக்கிறது. பிரத்தியேக வகுப்பு முடிந்து இரவு பத்து மணிக்கு மாமாக் கடையில் மேகி கோரெங், தே ஐஸ். காலையில் பசி இருக்காது. வகுப்புக்கு முன் மாலை ஐந்து மணிக்குச் சோறு, மீன், காய் என்று முழு உணவைக் கொடுத்து, இரவில் ஒரு கோப்பைப் பாலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, காசு. இனிப்புத் தண்ணீரில்தான் சிற்றுண்டிச்சாலைக்கு இலாபம் அதிகம். வாடகையை ஏற்றிவிட்டுச் சர்க்கரையைக் குறை என்று சொன்னால், நடத்துபவர் எங்கே போவார்? உங்கள் பள்ளியில் வாடகையை யார் நிர்ணயித்தாலும், கீழ்க்காணும் நிபந்தனைகளை ஏற்பவருக்கு அதைக் குறையுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே வைக்கலாம்:

"நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கும் பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. குடிநீர் இலவசம். நறுக்கிய பழமும் அவித்த முட்டையும் ஒவ்வொரு நாளும் இருக்கும். ஓய்வு நேரத்தை எந்தத் தண்டனைக்காகவும் பறிக்க மாட்டோம். பிள்ளைகளைத் தனியறையில் நிறுப்போம். இதைக் கண்காணிக்க இரு பெற்றோரும் ஓர் ஆசிரியரும் மாதம் ஒருமுறை தராசோடு சமையலறைக்குச் செல்வார்கள். கண்டதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள்."

இப்படிக்கு,
பினாங்கில் பிள்ளைகளின் உணவைக் கவனிக்கும் உணவியலாளர்களும் தாதியரும்